ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்

மழை விட்டு ஒரு வாரம் ஆச்சுன்னா போதும்... எங்க தெருவுல சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி களை கட்டிடும். டப்... டப்... டப்புன்னு வீட்டுக்கு வீடு கொசு பேட் சத்தம். ஒரு வீட்டுல சாம்பிராணி, அடுத்த வீட்டுல வேப்பிலைப் புகை, மாடி வீட்டுல சுருள். வெளியில இருந்து பார்த்தா தெருவே ஏதோ யாகம் வளர்க்கிற மாதிரி இருக்கும் :-)

(சென்னைக்குத் தெற்கே, மடிப்பாக்கம் பக்கம் இருக்கோம். ஏரி, காலி மனை, லாரித் தண்ணி, நீல ட்ரம்... இதெல்லாம் இல்லாம இந்தப் பக்கம் வீடு கிடையாது.)

இந்தப் புகை, பேட் எல்லாம் வேண்டாம்னு சொல்ல வரலை. நம்ம வீட்டுலயும் ரெண்டு பேட் இருக்கு. ஒண்ணு சார்ஜ் நிக்காது, இன்னொண்ணை எங்க வெச்சோம்னு தெரியாது. ஆனா இதெல்லாம் பறக்க ஆரம்பிச்சுட்ட கொசுவோட போடுற சண்டை. அது தண்ணியில நெளிஞ்சுக்கிட்டு, றெக்கை முளைக்காம இருக்கற ஏழெட்டு நாள்ல முடிக்க வேண்டிய வேலையை விட்டுட்டு, காத்துல பேட் வீசி என்ன பிரயோஜனம் சொல்லுங்க?

சரி, முதல்ல எதிரி யாருன்னு பார்த்துடலாம். கொசுன்னா எல்லாம் ஒண்ணு இல்லை மக்களே. நம்ம ஊர்ல முக்கியமா மூணு கோஷ்டி.

முதல் கோஷ்டி க்யூலெக்ஸ். ராத்திரி காதுகிட்ட வந்து ராகம் பாடறது பெரும்பாலும் இதுதான். சாக்கடை, செப்டிக் டேங்க், கூவம்... இப்படி அழுக்குத் தண்ணிதான் இதுக்குப் பிறந்த வீடு. யானைக்கால் நோயைப் பரப்பறது இந்த வகை.

ரெண்டாவது அனாபெலிஸ். மலேரியாக்காரர். இதுல பட்டணத்துக்குன்னே ஒரு வகை உண்டு, ஸ்டீஃபென்சி. சென்னை மாதிரி ஊர்கள்ல மூடி சரியில்லாத மொட்டைமாடித் தொட்டியும் கிணறும்தான் அதுக்கு இஷ்டம்.

மூணாவது ஏடிஸ். உடம்புலயும் கால்லயும் வெள்ளை வெள்ளையா வரி போட்டிருக்கும். டெங்கு, சிக்குன்குனியா ரெண்டும் இந்தப் புண்ணியவதியோட உபயம். (புண்ணியவான் இல்லை. கடிக்கறது பூரா பெண் கொசுதான். முட்டைக்கு ரத்தம் வேணும். ஆண் கொசு பூந்தேன் குடிச்சுட்டு சாதுவா இருக்கும். நம்ம ரங்கமணி இதைப் படிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... அதை இங்க எழுதறதா இல்லை.)

இந்த ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிஞ்ச நல்ல தண்ணிதான் வேணும். அதுவும் நம்ம வீட்டுலயே! கடிக்கறது பகல்ல, முக்கியமா காலையிலயும் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடியும். பொதுவா ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுத்தி நாலஞ்சு வீடு, மிஞ்சிப் போனா சில நூறு மீட்டர். அதாவது உங்களை இன்னைக்குக் கடிச்ச ஏடிஸ் உங்க வீட்டுல பிறந்திருக்கணும், இல்லைன்னா பக்கத்துல பிறந்திருக்கணும். கார்ப்பரேஷன், சாக்கடை, கூவம்னு யாரைத் திட்டினாலும் இந்த ஒரு விஷயத்துல நம்ம தெருவைத்தான் நாம பார்த்தாகணும்.

புகை வண்டி வந்தா குழந்தைங்க எல்லாம் பின்னாடியே ஓடும். அந்தப் புகை அந்த நேரத்துல பறந்துக்கிட்டு இருக்கற கொசுவைத்தான் கொல்லும். தண்ணிக்குள்ள இருக்கற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குள்ள கட்டில் அடியில, துணி மாட்டற இடத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கற ஏடிஸையும் அது சரியா எட்டாது. துளசி வெச்சா வராது, சாமந்தி வெச்சா வராதுன்னு சொல்றாங்களே, செடி சும்மா நின்னா பெருசா ஒண்ணும் நடக்காது. செடிக்கு அடியில வெச்ச தட்டுல தண்ணி நின்னா மட்டும் நல்லா நடக்கும்... கொசு வளர்ப்பு!

இப்ப கணக்குக்கு வருவோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு... நம்ம ஊர் வெயிலுக்கு இந்த நாலு கட்டமும் முடிய ஏழுல இருந்து பத்து நாள். அப்படின்னா வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுல தேங்கற தண்ணியைக் கொட்டிட்டா எந்தப் புழுவும் கொசுவாகாது. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிச்ச கையோட பத்து நிமிஷம் போதும்.

ஆனா ஒரு விஷயம். கொட்டினா மட்டும் பத்தாது, தேய்க்கணும். ஏடிஸ் தண்ணியில முட்டை போடறதில்லை. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமான சுவத்துல ஒட்ட வெச்சுட்டுப் போகும். கறுப்பா, கடுகைவிடச் சின்னதா இருக்கும். தண்ணியே இல்லாம மாசக்கணக்கா அப்படியே காஞ்சு கிடந்து, அடுத்த மழைக்குத் தண்ணி பட்டதும் பொரிச்சுடும். அதனால தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வெச்சு உள்பக்கத்தை அழுத்தித் தேய்ச்சுக் கழுவணும்.

எங்கெல்லாம் பார்க்கணும்? நம்ம வீட்டு ரவுண்ட்ஸ் இது:

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி அடியில ஒரு ட்ரே இருக்கும். பல வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

ஏசி தண்ணி சொட்டற பக்கெட்.

பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில குருவிக்கு வைக்கிற தண்ணி. (வைங்க, கண்டிப்பா வைங்க. தினம் மாத்திட்டா போதும்.)

கொல்லையில கிடக்கற ஆட்டுக்கல் குழி. மாவு அரைக்க கிரைண்டர் வந்துருச்சு, ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட மனசு வரலை. மழை பெய்ஞ்சா அது ஒரு நீச்சல் குளம். மணலைக் கொட்டி மூடிடுங்க.

கொட்டாங்கச்சி, பெயின்ட் டப்பா, பழைய டயர், சன்ஷேடு மேல குப்பை அடைச்சு நிக்கிற தண்ணி.

யாரும் போகாத ரெண்டாவது பாத்ரூம். வாரம் ஒரு தரம் ஃப்ளஷ் பண்ணிடணும்.

மாடித் தொட்டி, சம்ப், ட்ரம் இதெல்லாம் வாராவாரம் கொட்டற சமாச்சாரம் இல்லை. காசு கொடுத்து வாங்கின தண்ணியாச்சே! அதுக்கு மூடிதான் வழி. இடுக்கு இல்லாம உட்காரணும். மூடி உடைஞ்சிருந்தா வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினாலும் சரி. டேங்க்ல ஓவர்ஃப்ளோ குழாய் வாயிலயும் ஒரு துண்டு வலை கட்டணும். 2003-ல கட்டாயமாக்கினாங்களே, அந்த மழைநீர் சேகரிப்புத் தொட்டி, அதுல தண்ணி கீழ இறங்காம நிக்குதான்னும் ஒரு பார்வை.

கடைசியா செப்டிக் டேங்க் காத்துக் குழாய். அதோட மேல் வாயில நைலான் வலை கட்டி, கம்பியால ஒரு முறுக்கு. ராத்திரி பாகவதர்கள் பாதிப் பேர் அது வழியாத்தான் வெளியில வர்றாங்க.

இவ்வளவுதான். இதுவரைக்கும் எழுதினது சுலபமான பகுதி. ஏன்னா இதெல்லாம் நம்ம காம்பவுண்டுக்குள்ள. கொசுவுக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாதே? அங்கதான் கஷ்டம் ஆரம்பிக்குது.

2017 அக்டோபர். அந்த வருஷம் தமிழ்நாடு பூரா டெங்கு பேச்சுதான். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரின்னு எங்க பார்த்தாலும் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க பக்கத்துப் போர்ஷன்ல இருந்தவங்க பையன், நாலாங்கிளாஸ். திடீர்னு ஒரு நாள் காய்ச்சல், 103. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுன்னு அழுதான். ரத்தப் பரிசோதனையில டெங்குன்னு வந்துருச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

நாலாம் நாள் அவங்க அம்மா போன் பண்ணி, "அக்கா, காய்ச்சல் விட்டுருச்சுக்கா. நாளைக்கு வந்துடுவோம்"னாங்க. குரல்ல அவ்வளவு சந்தோஷம். ஆனா டாக்டர் விடலை. டெங்குல காய்ச்சல் இறங்கற நேரம்தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நேரம், இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்னு சொல்லிட்டாராம். அவர் சொன்னது எவ்வளவு சரின்னு அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுது. வயித்து வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆயிடுச்சு. ட்ரிப்ஸ் மேல ட்ரிப்ஸ். ரெண்டு ராத்திரி அந்தப் பொண்ணு கண்ணே மூடலை. நான் ஃப்ளாஸ்க்ல கஞ்சி எடுத்துட்டுப் போனா, கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருப்பாங்க.

பையன் பிழைச்சு வந்துட்டான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

அவன் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தாங்க. டெங்குன்னு ஒரு வீடு தெரிஞ்சா சுத்துப்பட்டு வீடெல்லாம் பார்ப்பாங்க. டார்ச் அடிச்சு ட்ரம், தொட்டி, தட்டு ஒண்ணு விடலை. எதிர் வீட்டு வாசல்ல கிணத்து உறை வெச்சுக் கட்டின ஒரு தொட்டி. அதுல அல்லி. டார்ச் வெளிச்சம் பட்டதும் புழு அத்தனையும் நெளிஞ்சு நெளிஞ்சு அடியில இறங்குது. பார்த்தவங்களுக்கெல்லாம் பகீர்னு ஆயிடுச்சு.

"தண்ணியைக் கவிழ்த்துடுங்க சார்"னு சொன்னாங்க. எதிர் வீட்டு சார் பாங்க்ல இருந்து ரிடையர் ஆனவர். எப்பவும் அதிர்ந்து பேச மாட்டார். அன்னைக்கு ஒரு கத்து கத்தினார். "யாரும் கை வைக்கக் கூடாது!" கேட்டைச் சாத்திட்டு உள்ள போயிட்டார்.

அந்த அல்லி அவர் வீட்டம்மா வெச்சது. அவங்க போய் அப்ப ரெண்டு வருஷம். தெருவுல முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியும். தெரிஞ்சும் பேச்சு எப்படிப் போச்சு தெரியுமா? "அபராதம் போடச் சொல்லுவோம்"னு ஒருத்தர். "ராத்திரியோட ராத்திரியா மண்ணெண்ணெயை ஊத்திட்டா வேலை முடிஞ்சுது"ன்னு இன்னொருத்தர். பையனோட அப்பா ஆஸ்பத்திரியில இருந்து குளிக்க வந்தவர், எதிர் கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். அந்தப் பார்வை எனக்குப் பயமா இருந்துச்சு.

பையனைக் கடிச்ச கொசு அந்தத் தொட்டியில பிறந்ததுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கூல்ல கடிச்சிருக்கலாம், ட்யூஷன்ல கடிச்சிருக்கலாம். அன்னைக்கே எங்க தெருவுல இன்னும் மூணு வீட்டுல புழு கிடைச்சுது. ஆனா ஆத்திரத்துல இருக்கறவங்ககிட்ட இதைச் சொன்னா எடுபடுமா? சரி, அவங்ககிட்ட பேசறதை விட சார்கிட்ட பேசிப் பார்ப்போம்னு கிளம்பினேன்.

"தொட்டியைக் காலி பண்ணுங்க"ன்னு நான் கேட்கலை. "அல்லி இருக்கட்டும் சார். உள்ள மீன் விட்டுடலாமா?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "மீன் விட்டா வேரைக் கடிக்காதாம்மா?"ன்னார்.

அந்தக் கேள்வியிலயே எனக்குப் பாதி உயிர் வந்துருச்சு.

ஞாயித்துக்கிழமை ரங்கமணி வண்டியை எடுத்துட்டு கொளத்தூர் போய் வந்தார். வண்ண மீன் கடைங்களுக்குப் பேர் போன ஏரியாவாச்சே. ஒரு டஜன் கப்பி மீன், பிளாஸ்டிக் பையில. விரல் நீளம் கூட இருக்காது. ஆனா கொசுப்புழுன்னா ஒரு கை பார்க்கும். முட்டை போடாம நேரடியா குட்டி போடற ஜாதி, அதனால சட்டுனு பெருகும். தனியா ஏர் பம்ப், அது இதுன்னு கேட்காது. கம்பூசியான்னு ஒரு மீனையும் கிணறு, குளத்துல இதுக்காகவே விடுவாங்க. (ஒரு எச்சரிக்கை: இதையெல்லாம் ஏரியிலயும் ஆத்துலயும் கொண்டு போய் விட்டுடாதீங்க. இவங்க வெளியூர்க்காரங்க. நம்ம ஊர்ச் சின்ன மீனையும் தவளை முட்டையையும் தின்னு தீர்த்துடுவாங்க. வீட்டுத் தொட்டியோட நிறுத்திக்கணும்.)

சார் தானே குனிஞ்சு தொட்டி ஓரத்தை நார் போட்டுத் தேய்ச்சார். அழுகின இலையெல்லாம் எடுத்தார். பையோட தண்ணியில மிதக்க விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மீனைத் திறந்து விட்டோம். ரெண்டு நாள் கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒரு புழு இல்லை. "அட!"ன்னார். ரொம்ப நாள் கழிச்சு அவர் சிரிச்சுப் பார்த்தேன்.

பையன் வீட்டுக்கு வந்ததும் மீன் சமாச்சாரம் அவன் காதுக்குப் போச்சு. உடம்பு தேறினதும் அவன்தான் மீன் இன்ஸ்பெக்டர். "தாத்தா, பொரி போடாதீங்க. வயிறு ரொம்பிட்டா அது புழு தின்னாது"ன்னு அவருக்கே உத்தரவு போடுவான். அவங்க அம்மா மட்டும் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு ராத்திரி அந்தப் பொண்ணு பட்டது எனக்குத் தெரியும். தை மாசம் பொங்கல் அன்னைக்கு அவங்க வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்கும் போச்சு. பையன்தான் எடுத்துட்டுப் போனான்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா எழுதறேன்னா... 1901-ல ஹவானா பட்டணத்துல மஞ்சள் காய்ச்சலை (மஞ்சள் காமாலை இல்லை, இது வேற) ஒழிச்சாங்க. அதைப் பரப்பினதும் இதே ஏடிஸ்தான். அமெரிக்க ராணுவ டாக்டர் கோர்காஸ் வீடு வீடா ஆள் அனுப்பினார். எந்த வீட்டுல எத்தனை தண்ணித் தொட்டின்னு கணக்கு எடுத்து, மூட வேண்டியதை மூடி, எண்ணெய் ஊத்த வேண்டியதுல ஊத்தி, கேட்காதவங்களுக்கு அபராதம் போட்டார். பல தலைமுறையா அந்த ஊரை வாட்டின நோய் சில மாசத்துல அடங்கிப் போச்சு. தடுப்பூசி கிடையாது, மாத்திரை கிடையாது. அடுத்த வீட்டுத் தண்ணியை எட்டிப் பார்த்ததுதான் மருந்து.

கோர்காஸ் கையில ராணுவம் இருந்துச்சு. நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு "சார்", ஒரு "அக்கா", ஒரு கிண்ணம் பொங்கல். அதை வெச்சுத்தான் அடுத்த காம்பவுண்டுக்குள்ள போக முடியும். குத்தம் சொல்லிக்கிட்டுப் போனா கேட் சாத்திக்கும். அவங்களுக்கு எது முக்கியமோ அதை விட்டு வெச்சுட்டு வழி சொன்னா, பெரும்பாலும் திறக்கும்.

எல்லாக் கதவும் திறந்துதான்னு கேட்டா, இல்லை. தெருவுல பதினாலு வீடு. ஞாயித்துக்கிழமை ரவுண்ட்ஸ் ஒழுங்கா பண்றது எட்டு வீடு. பூட்டிக் கிடக்கற ஒரு வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். அவர்கிட்ட போன்ல கேட்டு, மாடித் தொட்டிக்கு வலை கட்டிட்டோம். மூலையில இருக்கற காலி மனைக்கு இன்னும் வழி தெரியலை. 2019 கோடையில ஏரியெல்லாம் வறண்டு, லாரிக்குக் காத்துக் கிடந்தோமே, அப்ப வீட்டுக்கு நாலு ட்ரம் கூடிப் போச்சு. தண்ணிப் பஞ்சம் வந்தா கொசுவும் குறையும்னு நினைப்போம், நடக்கறது தலைகீழ். சேர்த்து வைக்கற தண்ணி கூடக் கூட அதுக்குக் கொண்டாட்டம். அந்தக் கோடையிலயும் சார் வாரம் ரெண்டு குடம் தொட்டிக்குன்னு ஒதுக்கினார். மீனும் தப்பிச்சுது, அல்லியும் தப்பிச்சுது.

கொசுவே இல்லாத தெருன்னு பீத்திக்க மாட்டேன். இருக்கு. ராத்திரி வலை கட்டித்தான் படுக்கறோம். ஃபேன் வேகமா சுத்தினா அதனால சரியா பறக்க முடியாது, அதுவும் ஒரு கைவைத்தியம். ஆனா பகல் கொசு நல்லாவே குறைஞ்சிருக்கு.

யார் வீட்டுலயாவது டெங்குன்னா இன்னும் மூணு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, காய்ச்சல்காரரைப் பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க. அவரைக் கடிச்ச கொசுதான் ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும். ரெண்டு, ஆஸ்பிரின், ப்ரூஃபென் மாதிரி மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவுல. கூடவே நிறைய நீர் ஆகாரம். மூணு, காய்ச்சல் விட்டதும் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி இதுல ஏதாவது தெரிஞ்சா அப்பவே ஆஸ்பத்திரி. விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

நாளைக்கே உங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு எட்டு பார்த்துடுங்க. அப்புறம் மெதுவா எதிர் வீட்டு கேட்டைத் தட்டுங்க. கையில ஏதாவது எடுத்துட்டுப் போங்க, வெறுங்கையோட போகாதீங்க!

கொசுறு (இந்தப் பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை உண்டா!): மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைப் பிடிச்சது நம்ம ஊர்லதான். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்ல ரொனால்டு ராஸ் ஒரு அனாபெலிஸ் கொசுவோட வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1902-ல நோபல் பரிசு. வருஷா வருஷம் அந்த ஆகஸ்ட் 20-ஐ உலகக் கொசு தினமாக் கொண்டாடறாங்க. கொசு நம்மளை வருஷம் பூரா கொண்டாடுது, நாம ஒரு நாள் கொண்டாடினா குறைஞ்சா போயிடுவோம்? :-)